காதுக்குப் பின்னால் கட்டி, ரத்தத்தில் ஈசினோபில்

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை பார்க்கும் என் தம்பிக்கு 27 வயது. இரண்டு வருடமாக இடது காதுக்குப் பின்னால் கட்டி. இப்போது நெல்லிக்காய் அளவு. வலி இல்லை, அரிப்பு மட்டும். ஊசி வைத்து உறிஞ்சிப் பார்த்ததில் டிபி இல்லை, புற்று இல்லை என்றார்கள். ஈசினோபில் 24 சதவீதம். பூச்சி மாத்திரை போட்டும் குறையவில்லை. அடுத்து என்ன செய்வது?

பதில்: ஈசினோபில் என்ற ரத்த வெள்ளையணு கூடினால் நம் ஊரில் முதலில் பூச்சியைத்தான் சந்தேகிப்பார்கள். தவறில்லை. ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் கட்டியை ஒருவரும் ரத்த ரிப்போர்ட்டை இன்னொருவரும் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு கிமுரா நோய் என்ற சந்தேகம் வருகிறது. 1937இல் சீனாவில் முதலில் எழுதப்பட்டது; 1948இல் விவரித்த ஜப்பானிய மருத்துவர் பெயரில் நிலைத்துவிட்டது. ஆசிய இளைஞர்களுக்கு, காதைச் சுற்றியும் தாடைக்குக் கீழும் வலியில்லாமல் வரும் அழற்சிக் கட்டி இது. அரிதானது. புற்றுநோய் அல்ல.

சந்தேகம்தான், முடிவு இல்லை. ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றிலும் ஈசினோபில் கூடலாம், அரிப்பும் வரலாம். ஊசியில் வருவது உதிரி செல்கள் மட்டுமே. அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் விடை இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கட்டியை, முடிந்தால் முழுசாக, எடுத்து பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்ப வேண்டும். அனுப்பும் சீட்டில் ஈசினோபில் அளவையும் எழுதச் சொல்லுங்கள். அது தெரியாமல் ஸ்லைடைப் பார்ப்பவர் ‘நெறிகட்டி’ என்று சாதாரணமாக முடித்துவிடக்கூடும்.

20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவரை இரண்டு தடவை அலைய விட வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டும்போதே, ரத்தத்தில் ஐ.ஜி.ஈ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளின் அளவு, சிறுநீரில் புரதம் இரண்டையும் பார்க்கக் கேளுங்கள். கிமுரா சிலருக்குச் சிறுநீரகத்தையும் தொடும். காலையில் முகம் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று தம்பியிடமும் கேளுங்கள்.

அப்புறம், மிக முக்கியமான விஷயம்: பயாப்சிக்கு முன் யார் சொன்னாலும் ஸ்டீராய்டு மாத்திரை போட வேண்டாம். கட்டி சுருங்கும், ஈசினோபில் இறங்கும், எல்லாம் சரியானது போலத் தோன்றும். நோய் என்னவென்று கண்டுபிடிப்பதுதான் கெட்டுப்போகும். தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு குடலில் இருந்தால், ஸ்டீராய்டு போட்டதும் பெருகி உயிருக்கே உலை வைக்கலாம். ஒரே ஒரு வேளை போடும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரைக்கு அது பெரும்பாலும் மசியாது. மலப் பரிசோதனையும் ஒரே தடவையில் அதைத் தவறவிடலாம். இரண்டு மூன்று நாள் மலம் கொடுத்துப் பாருங்கள்.

கிமுராதான் என்று உறுதியானால் அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு என்று வழிகள் இருக்கின்றன. எடுத்த பிறகும் திரும்ப வருவது சகஜம், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது, கட்டி வேகமாகப் பெருப்பது, இதில் எது இருந்தாலும் இந்த வாரமே கிளம்புங்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறொரு நிபுணரிடம் காட்ட நேர்ந்தால் தம்பியை மறுபடி அறுக்க வேண்டியிருக்காது.