ஃபோர்டு டாரஸ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்கா வந்து நான் வாங்கிய முதல் கார் ஃபோர்டு டாரஸ். அதற்குப் பிறகும் இரண்டு டாரஸ் வாங்கினேன். மூன்றையும் என் கையாலேயே கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும் இத்தனை வருடம் படித்ததிலிருந்தும் பதில் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். 1986 மாடலிலிருந்து 2019 வரை அமெரிக்காவில் டாரஸ் என்ற பெயரில் ஆறு தலைமுறைக் கார்கள் வந்திருக்கின்றன. வருடமும் இன்ஜினும் சொல்லிக் கேளுங்கள்.

கவிதா, சார்லட்: அண்ணா, என் கணவர் டாரஸை ஏதோ கோயில் தேர் மாதிரிப் பேசுகிறார். அப்படி என்ன இருக்கிறது அதில்?

அவர் பேசுவதில் நியாயம் இருக்கிறதும்மா. 1980 முதல் 1982 வரை மூன்றே வருடத்தில் ஃபோர்டு சுமார் 330 கோடி டாலர் நஷ்டப்பட்டது. பெட்ரோல் விலை ஏறியிருந்தது. ஜப்பான் கார்கள் உள்ளே வந்துவிட்டன. ஃபோர்டிடம் இருந்ததெல்லாம் பெட்டி பெட்டியாகப் பழைய கார்கள். அந்த நிலையில், இருந்த காசையெல்லாம் ஒரே காரில் போட்டார்கள். சுமார் 300 கோடி டாலர். அது விற்காமல் போயிருந்தால் கம்பெனியே இருந்திருக்காது.

அந்த வேலைக்குத் தலைவர் லூயிஸ் வெரால்டி. அதுவரை வடிவமைப்பாளர் படம் வரைந்து இன்ஜினியரிடம் தள்ளுவார், இன்ஜினியர் தொழிற்சாலைக்குத் தள்ளுவார், அங்கே 'இதைப் பூட்டவே முடியாது' என்று கையை விரிப்பார்கள். வெரால்டி எல்லாரையும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக உட்கார வைத்தார். அட்லாண்டாவிலும் சிகாகோவிலும் கார் பூட்டுகிற தொழிலாளிகளிடம் போய், உங்களுக்கு எது கஷ்டம் என்று கேட்டார்கள். போல்ட்டுகளின் தலை அளவு ஆளுக்கொன்றாக இருப்பதால் அடிக்கடி கருவியை மாற்ற வேண்டியிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே அளவாக்குங்கள் என்றார்கள். அப்படியே செய்தார்கள். மற்ற கம்பெனிக் கார்களை வாங்கிக் கழற்றிப் பார்த்து, எந்தக் காரில் எது சிறப்பு என்று 400 அம்சங்களைப் பட்டியல் போட்டு, அதற்குச் சமமாகவோ மேலாகவோ செய்யப் பார்த்தார்கள்.

பழைய டாரஸ் ஒன்றின் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் பிடி மஞ்சள். கார் வைத்திருப்பவர் தானே தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் மஞ்சள். முதல் தடவை பானெட் திறக்கிறவரும் தடுமாறக் கூடாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். உங்கள் கணவர் தேர் என்று சொல்வது இந்த அக்கறையைத்தான் என்று நினைக்கிறேன்.

வெளித்தோற்றம் ஜாக் டெல்னாக்கின் குழு செய்தது. முகப்பில் கிரில் கிடையாது, நடுவில் நீள்வட்டச் சின்னம் மட்டும். பார்த்தவர்கள் பறக்கும் உருளைக்கிழங்கு என்றார்கள். 1985 டிசம்பர் 26 அன்று விற்பனைக்கு வந்தது. சில வருடங்களில் மற்ற கம்பெனிகளும் மூலைகளை மழுக்க ஆரம்பித்தன.

பாலாஜி, டாலஸ்: டாரஸ் என்றால் ரிஷபம்தானே? ராசி பார்த்துப் பெயர் வைத்தார்களா?

ஏறக்குறைய அப்படித்தான். வெரால்டியின் மனைவியும், திட்டப் பொறுப்பிலிருந்த ஜான் ரிஸ்க்கின் மனைவியும் அந்த ராசிக்காரர்கள். வேலை நடக்கும்போது கூப்பிட வைத்த பெயர், பிறகு நிலைத்துவிட்டது. ஆனால் அது அவர்கள் ஊர்க் கணக்கு, சூரியன் நின்ற ராசி. நம் ஜாதகத்தில் சந்திரன் நின்ற ராசியைத்தானே சொல்கிறோம். அந்த இரண்டு அம்மாக்களும் நம் பஞ்சாங்கப்படி ரிஷபமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முருகன், டொலிடோ: சார், என் டாரஸில் குருவி கத்துவது போல ஒரு சத்தம். என்ன செய்யலாம்?

வருடம்? இன்ஜின்? முன் கண்ணாடியின் கீழ் மூலையில் 17 எழுத்து எண் இருக்கும். அதில் இன்ஜின் வகையைக் குறிக்கும் எட்டாவது எழுத்து என்னவென்று சொல்லுங்கள். சொல்லும்வரை வண்டியை அதிகம் ஓட்ட வேண்டாம். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அருண், சான் ஹோசே: எஸ்.எச்.ஓ. பற்றிச் சொல்லுங்கள். யமஹா இன்ஜின் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எஸ்.எச்.ஓ. என்பது டாரஸின் வேகமான வகை. நம்மூரில் ஆர்எக்ஸ் 100 முறுக்கிப் பழகியவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே காது நிமிரும். 1989 மாடலில் வந்தது. 3.0 லிட்டர் வி6, 24 வால்வு, 220 குதிரைத்திறன், ஐந்து கியர், அதுவும் மேனுவல் மட்டும். மணிக்கு 60 மைல் வேகத்தை 7 விநாடிக்குள் தொட்டுவிடும். குடும்பக் காருக்கு அன்று அது பெரிய விஷயம். வெளியே பார்த்தால் பக்கத்து வீட்டு வாத்தியார் கார் போலச் சாதுவாக இருக்கும். பானெட்டைத் திறந்தால் காற்றுக் குழாய்கள் பாம்புக் கூட்டம் போல இரண்டு பக்கமும் வளைந்து கிடக்கும். பார்க்க அவ்வளவு அழகு.

1993-ல் ஆட்டோமேட்டிக் வேண்டுபவர்களுக்காக 3.2 லிட்டர் வந்தது. 1996-ல் 3.4 லிட்டர் வி8. இதில்தான் ஆபத்து. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டில் பல்சக்கரத்தை இறுக்கிப் பொருத்தியிருந்தார்களே தவிர, வெல்டிங் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நழுவும். நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போய்விடும். வி8 எஸ்.எச்.ஓ. வாங்க நினைத்தால் முதல் கேள்வி இதுதான்: கேம்களை வெல்டிங் செய்தாயிற்றா? பில் காட்டச் சொல்லுங்கள். வாய் வார்த்தையை நம்பாதீர்கள்.

வேலு, சென்னை: மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில் டாரஸ் தயாரித்தார்களா?

இல்லை. இந்தியாவில் விற்கவே இல்லை.

தினேஷ், ஒஹாயோ: எந்த வருட டாரஸ் வாங்கலாம்?

செகண்ட் ஹேண்டில் அன்றாடம் ஓட்டுவதற்கு என்றால் 2000 முதல் 2007 வரையிலான மாடல். அதில் வல்கன் என்ற 3.0 லிட்டர் இன்ஜின். எட்டாவது எழுத்து யு என்றிருக்கும், எத்தனாலும் போடக்கூடிய வகை என்றால் 2. 1986-ல் முதல் டாரஸோடு வந்த அதே வார்ப்பிரும்பு இன்ஜின் கடைசிவரை ஓடியது. வேகம் இல்லை, ஆனால் உழைப்பாளி. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான்.

ஒஹாயோ என்கிறீர்கள், ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊர். படுத்துக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் காயில் ஸ்பிரிங் துருப்பிடித்து உடைந்தால் டயரைக் கிழித்துவிடும். இன்ஜினைத் தாங்கும் சட்டமும் அரித்துப்போகும். பெயின்ட் பளபளப்பைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

செந்தில், டெட்ராய்ட்: டாரஸ் செத்ததற்குக் காரணம் 1996 டிசைன்தான். மீன் தொட்டி மாதிரி பின் கண்ணாடி. ஒத்துக்கொள்கிறீர்களா?

பாதி. 1996-ல் எல்லாமே நீள்வட்டம். விளக்கு, பின் கண்ணாடி, உள்ளே ரேடியோவும் ஏசி பொத்தான்களும் சேர்ந்த பலகைகூட நீள்வட்டம். ரேடியோ கெட்டால் கடையில் வாங்கி வேறொன்று மாட்ட வழியில்லை. கூரை சரிந்ததால் பின்னால் உட்காருபவர் தலை இடித்தது. மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பது சரிதான். ஆனால் செத்ததற்கு அதுவே காரணம் என்பதை ஏற்க மாட்டேன்.

செந்தில்: 1992-லிருந்து 1996 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் டாரஸ். 1997-ல் டொயோட்டா கேம்ரி முந்தியது. டிசைன் மாறிய மறு வருடமே! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

லதா, சிகாகோ: செந்தில் சொல்வதுதான் சரி. எங்கள் வீட்டில் 1993 டாரஸ் இருந்தது. 1996-ஐப் பார்த்ததும் அப்பா நேராக டொயோட்டா ஷோரூமுக்குப் போய்விட்டார்.

லதா, உங்கள் அப்பா செய்ததை அன்று ஆயிரக்கணக்கானோர் செய்தார்கள். செந்தில், உங்கள் தேதிகளும் சரி. ஆனால் கணக்கை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.

1992-ல் டாரஸ் 4 லட்சத்தைத் தாண்டி விற்று ஹோண்டா அக்கார்டை முந்தியது. அந்த எண்ணிக்கைக்குள் வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் ஆபீஸ்களுக்கும் மொத்தமாகத் தள்ளியவை ஏராளம். வருடக் கடைசியில் தள்ளுபடியும் கொட்டிக் கொடுத்தார்கள். முதலிடம் வேண்டும் என்ற வெறி. வாடகைக்கு ஓடிய கார்கள் ஒரு வருடத்தில் பழைய கார் சந்தைக்கு வரும், மறுவிற்பனை விலை விழும். சொந்தக் காசில் வாங்கியவருக்கு அது அடி. நீள்வட்டம் வருவதற்கு முன்பே இந்த ஓட்டை விழுந்துவிட்டது.

இன்னொன்று. 1996 டாரஸைச் செய்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. டிக் லாண்ட்கிராஃப் தலைமையில் கேம்ரியைக் கழற்றி வைத்துக்கொண்டு, அந்தத் தரத்தைத் தொட வேண்டும் என்று உழைத்தார்கள். ஓடும்போது காரின் கூடு முறுக்கிக்கொள்வது குறைந்தது, இரைச்சல் குறைந்தது. ஓட்டிப் பாருங்கள், முந்தையதைவிட நல்ல கார். ஆனால் செலவு ஏறி விலையும் ஏறியது. அதே சமயம் டொயோட்டா 1997 கேம்ரியை விலை குறைத்து இறக்கியது. ஃபோர்டுகாரர்கள் 1992 கேம்ரியை எட்டிப் பிடித்தபோது அது அங்கே இல்லை.

செந்தில்: அப்படியானால் 2000-ல் டிசைனைச் சரிசெய்தார்களே, ஏன் எழவில்லை?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். 2000-ல் கூரையை உயர்த்தினார்கள், டிக்கி பெரிதானது, கண்ணாடி சாதாரணமானது. அசிங்கம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு? 2004-ல் முகத்தில் கொஞ்சம் பூச்சு, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் டொயோட்டா 2002-ல் ஒரு புதுக் கேம்ரி கொண்டுவந்து, 2007 மாடலுக்கு இன்னொன்றும் கொண்டுவந்துவிட்டது. ஃபோர்டின் பணமும் நல்ல இன்ஜினியர்களும் எக்ஸ்புளோரருக்கும் எஃப்-150 டிரக்குக்கும் போய்விட்டார்கள். லாபம் அங்கேதான். கடைசி நாட்களில் டாரஸ் வாடகைக் கம்பெனிகளுக்காகவே ஓடியது. பயிருக்குத் தண்ணீர் விடாமல் விட்டுவிட்டு விதையைக் குறை சொல்வது நியாயமில்லை, செந்தில். வெரால்டி உட்கார வைத்த அந்த மேசையில் பிற்பாடு யாரும் உட்காரவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

லதா: அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தலை இடித்தது இடித்ததுதான் என்கிறார்.

அவர் உயரமானவர் போலிருக்கிறது. தலை விஷயத்தில் அவர் சொல்வதே முடிவு.

ரமேஷ், அட்லாண்டா: எந்த வருட டாரஸ் வாங்கலாம் அண்ணா?

மேலே தினேஷுக்குச் சொன்னதுதான் தம்பி. உங்கள் ஊரில் உப்புத் தொல்லை இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஜெயராமன், டென்வர்: 1994 மாடல், 3.8 லிட்டர், 1 லட்சத்து 10 ஆயிரம் மைல், 600 டாலருக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம் ஐயா. 1988 முதல் 1995 வரை வந்த அந்த 3.8 இன்ஜினுக்கு ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பகுதியில் கசிவைத் தடுக்கும் தகடு, தீராத வியாதி. கூலன்ட் குறைந்துகொண்டே வரும், கசிவு வெளியே தெரியாது, புகைபோக்கியில் வெள்ளைப் புகையும் இனிப்பு வாசனையும் வரும். அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் பலவீனம். 600 டாலர் காருக்கு 2,000 டாலர் வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.

நித்யா, சியாட்டில்: கடைசி டாரஸ் எங்கே போனது?

எந்தக் கடைசி? முதல் தடவை நின்றது 2006 அக்டோபர் 27, அட்லாண்டா அருகே ஹேப்வில் தொழிற்சாலையில். அந்தத் தொழிற்சாலையையும் அன்றோடு மூடினார்கள். அந்தக் கார் போனது ட்ரூயட் கேத்தி என்பவருக்கு. சிக்-ஃபில்-ஏ உணவகங்களை நிறுவியவர். அவருடைய முதல் சாப்பாட்டுக் கடை அந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளிகள்தான் அவருக்கு ஆரம்ப கால வாடிக்கையாளர்கள்.

அதற்குச் சில வாரம் முன்புதான் ஆலன் முலாலி ஃபோர்டின் தலைவரானார். முன்பு போயிங்கில் 777 விமானத்தை உருவாக்கியபோது, டாரஸ் குழு வேலை செய்த விதத்தைப் படித்து அங்கே எடுத்துப்போனவர் அவர். அவர் வந்து பார்த்தால், அந்தப் பெயரையே கம்பெனி தூக்கிப் போட்டிருந்தது. ஃபைவ் ஹண்ட்ரட் என்ற காருக்கு 2007-ல் டாரஸ் என்று பெயர் மாற்றினார். 2010-ல் புதிதாக ஒன்று வந்தது, ஆனால் அது பெரிய கார், பழைய நடுத்தர அளவு இல்லை. 2019 மார்ச் 1 அன்று சிகாகோவில் அதுவும் நின்றது.

கார்த்திக், ஹூஸ்டன்: எந்த வருடம் வாங்குவது நல்லது?

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. படித்துப் பாருங்கள்.

முருகன், டொலிடோ: சார், 2002 மாடல். எட்டாவது எழுத்து யு. கடையில் பெல்ட் சத்தம் என்று இரண்டு தடவை பெல்ட் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை.

நான் பயந்தது இதுதான். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடி மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அப்போதும் குருவி கத்தினால் அது கேம் சின்க்ரனைசர், கேம் ஷாஃப்ட்டின் நிலையை இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பாகம். முன்பு டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடத்தில், கியர்பாக்ஸ் பக்கமாக நிற்கும். எண்ணெய் வற்றித் தேயும்போது கத்தும். ஆயில் பம்பைச் சுற்றுவதும் அதே தண்டுதான். அது இறுகினால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் இன்ஜின் முடிந்தது. சில நூறு டாலர் வேலை, ஒரு இன்ஜின் விலையாகிவிடும்.

மாற்றும்போது முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, அதற்கென்று இருக்கும் கருவியை வைத்துத் திசை பார்த்துத்தான் இறக்க வேண்டும். கண் மதிப்பில் இறக்குகிற கடைக்குக் கொடுக்காதீர்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம், டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஆனதும் எழுதுங்கள்.