வெறும் குப்பிக்குள் என்ன இருக்கு?

கேள்வி: கொழும்பில் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மகள், விரல்நுனி அளவு குப்பியின் படம் அனுப்பி, "இதில 10 மைக்ரோகிராம் சைட்டோகைன் இருக்கம்மா, விலை கேட்டால் மயங்கிடுவீங்கள்" என்கிறாள். எனக்கு வெறுங்குப்பியாகத்தான் தெரிகிறது. (ஒரு தாய், பரந்தன்)

பதில்: வெறுமையாகத் தெரிவது சரிதான் அம்மா. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். உறையவைத்து உலர்த்தி அனுப்புவதால் அது கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கும், மூடியிலும் ஒட்டியிருக்கலாம், அதனால் திறக்க முன் சென்ட்ரிபியூஜ் என்ற வேகமாகச் சுழற்றும் கருவியில் ஒருக்காச் சுற்றச் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தால் உடம்பு உளையுதே, சாப்பாடு வேண்டாம் என்று இருக்குதே, அதெல்லாம் கிருமி மட்டும் செய்வதில்லை. நோயை எதிர்க்கிற நிர்ப்பீடனக் கலங்கள் ஒன்றையொன்று உசுப்ப வெளியே விடுகிற சிறு புரதங்களுக்கும் அதில் பங்குண்டு, அவைதான் சைட்டோகைன்கள். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லின்டன்மான் என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்த இன்டர்ஃபெரோன் அதில் ஒன்று. பிறகு வெகுகாலம், ஹெல்சிங்கியில் கான்டெல் என்ற ஆய்வாளர் செய்ததுபோல, இரத்ததானம் செய்தவர்களின் வெண்குழியங்களில் இருந்துதான் அதைத் துளித்துளியாக எடுத்தார்கள். 1980இல்தான் வைஸ்மான் என்ற விஞ்ஞானியின் குழுவினர் மனிதப் பரம்பரையலகை ஈ.கோலை பற்றீரியாவுக்குள் வைத்து அதைச் செய்விக்க முடிந்ததாக அறிவித்தார்கள். இப்படிச் செய்விக்கிற புரதத்தைத்தான் ரீகொம்பினன்ட் என்பார்கள்.

பற்றீரியாவில் செய்வதில் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் சுவரில் இருக்கிற எண்டொடொக்சின் என்ற நச்சுப்பொருள் கொஞ்சம் கலந்தாலும் நிர்ப்பீடனக் கலங்கள் உசும்பிவிடும், அப்புறம் பரிசோதனையில் தெரிந்தது சைட்டோகைனின் வேலையா அழுக்கின் வேலையா என்று யாராலும் சொல்ல ஏலாது. குப்பியோடு வரும் தாளில் மகள் முதலில் பார்க்க வேண்டியது எண்டொடொக்சின் அளவைத்தான்.

கேள்வி: இரவு கரண்ட் போய் ஃப்ரீசரில் இருந்த சைட்டோகைன் கரைசல் இளகி, காலையில் மறுபடி உறைந்திருந்தது. பாவிக்கலாமா? (மாணவி, வவுனியா)

பதில்: தங்கச்சி, இளகி மறுபடி உறைந்த மீனை முல்லைத்தீவில் யாரும் நல்ல மீன் என்று வாங்கமாட்டார்கள். மீனில் மணம் காட்டிக்கொடுக்கும், இதில் அதுவும் இல்லை. கரைசல் தெளிவாகவே இருக்கும், உள்ளே புரதம் மடிப்புக் குலைந்தோ ஒன்றோடொன்று திரண்டோ போயிருக்கலாம். ஒருமுறை இளகியதால் எல்லாமே செத்திருக்கும் என்றில்லை, ஆனால் இதையும் புதுக் குப்பி ஒன்றையும் தனித்தனியாகக் கலங்களில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் கொட்டிவிடுங்கள். குப்பி போனால் காசு மட்டும்தான் போகும், வலுவிழந்த புரதத்தை நம்பினால் மாதக்கணக்கான உழைப்புப் போகும், அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த குப்பியைக் கரைக்கிற அன்றே ஒருமுறைப் பாவனைக்கு அளவாகச் சிறு குழாய்களில் பிரித்து, திகதி எழுதி உறைய வையுங்கள். பரிசோதனைக்கு இடைஞ்சல் இல்லை என்றால் அல்புமின் என்ற வேறொரு புரதத்தை 0.1 சதவீதம் சேர்த்தால் சைட்டோகைன் குழாய்ச் சுவரில் ஒட்டி வீணாகாது. ஃப்ரீசருக்குள் ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து, மேலே ஐந்து ரூபாக் குற்றி ஒன்றை வையுங்கள். நீங்கள் இல்லாத இரவில் ஐஸ் உருகியிருந்தால் குற்றி கீழே போயிருக்கும்.

கேள்வி: இந்தச் சைட்டோகைனையே எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஊசியாகப் போடலாமா? (மாங்குளம்)

பதில்: கூடவே கூடாது. ஆய்வுக்கு மட்டும் என்று எழுதிவருகிற குப்பி மனித உடம்புக்குச் செய்ததல்ல. மருந்தாகக் கொடுக்கிற இன்டர்ஃபெரோன் வேறு கட்டுப்பாடுகளோடு தயாராவது, அதையும் வைத்தியர்தான் தீர்மானிப்பார்.