லாயத்திலிருந்து மேய்ச்சலுக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் 9 வயது ஆண்குதிரைக்கு (காயடித்தது) வலது முன்னங்கால் தசைநாண் கிழிந்து, நான்கு மாதமாக லாயத்தில் அடைத்து வைத்திருக்கிறோம். இப்போது ஒரு வேளைக்கு 30 நிமிடம் கையில் பிடித்து நடத்துகிறோம். நொண்டல் இல்லை. ஸ்கேன் பார்த்த மருத்துவர், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடலாம் என்கிறார். விட்டதும் பாய்ந்து ஓடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். நொண்டல் நின்றுவிட்டால் தசைநாண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. வலி சில வாரங்களில் அடங்கிவிடும். முன்னங்கால் தசைநாண் பலப்பட 9 முதல் 12 மாதம்வரை ஆகும், சில குதிரைகளுக்கு இன்னும் கூடுதலாக. கிழிந்த இடத்தில் முதலில் வளரும் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். நேராக, நிதானமாக நடக்கும்போது விழும் அளவான இழுப்புதான் அவற்றை வரிசைப்படுத்துகிறது. ஒரே ஒரு பாய்ச்சலும் சடாரென்ற திருப்பமும் அதே இழைகளை மறுபடி கிழித்துவிடும்.

அதனால் நேரத்தைக் குறைப்பதைவிட இடத்தைக் குறையுங்கள். பெரிய வயலில் "பத்து நிமிஷம் மட்டும்" விடுகிறவர்கள் உண்டு. ஆபத்தோ முதல் பத்து நொடியிலேயே இருக்கிறது. லாயம் 3.6 மீட்டர் சதுரம் என்றால், வெளியே விடும் முதல் அடைப்பு (வேலியிட்ட இடம்) சுமார் 6 மீட்டர் சதுரம் போதும். நடுத்தர அளவு அடைப்புதான் மிக மோசம்: வேகம் பிடிக்க இடமிருக்கும், வேலிக்கு முன்னால் நிற்க இடமிருக்காது. இரண்டு வாரம் காலில் மாற்றமில்லை என்றால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இடத்தை இரண்டு மடங்காக்குங்கள். வேலி உறுதியாகவும் கண்ணுக்குத் தெரியும்படியும் இருக்கட்டும். முள்கம்பி கூடவே கூடாது.

காற்று பலமாக வீசாத நாளாகத் தேர்ந்தெடுங்கள். தரை வழுக்கவும் கூடாது, கல்போல் இறுகியிருக்கவும் கூடாது. மற்ற குதிரைகளை முதலில் விட்டு, அவை அமைதியாக மேயத் தொடங்கிய பிறகு இதைக் கொண்டு வாருங்கள். சாதுவான ஒரு குதிரை பக்கத்து அடைப்பில் நின்றால் நல்லது. ஒரே அடைப்புக்குள் வேண்டாம். அன்றைய நடையை முடித்த கையோடு விடுங்கள். குதிரையை அடைத்து வைத்த காலத்திலேயே தானியத்தைக் குறைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே குறையுங்கள்.

அவிழ்க்கும் நொடியில் கவனம் வேண்டும். தலைக்கவசம், கையுறை, நீளமான கயிறு மூன்றும் அவசியம். உள்ளே போனதும் குதிரையை முழுதாகத் திருப்பி, அதன் முகம் கதவைப் பார்க்க நிறுத்துங்கள். தலை தாழும்வரை காத்திருங்கள். கதவு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க, கொக்கியைக் கழற்றி ஓர் அடி பின்வாங்குங்கள். ஓட நினைத்தால் அது முதலில் திரும்ப வேண்டும். அதற்குள் நீங்கள் உதைக்கு எட்டாத தூரத்தில் இருப்பீர்கள். தட்டி விரட்டாதீர்கள்.

முதல் சில நாளுக்கு மருத்துவர் குதிரையை அமைதிப்படுத்தும் லேசான மயக்க மருந்து தரலாம். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகே குதிரையை வெளியே கொண்டு போங்கள். ஏற்கெனவே மிரண்டுவிட்ட குதிரைக்குக் கொடுத்தால் பலன் குறைவு. தூங்கி வழிகிற குதிரையும் சத்தம் கேட்டால் துள்ளும், ஆகவே மருந்தை நம்பி இடத்தைப் பெரிதாக்காதீர்கள்.

புல்லையும் மறக்க வேண்டாம். நான்கு மாதம் உலர்புல் தின்ற வயிற்றுக்குப் பசும்புல் புதிது. நுண்ணுயிர்கள் பழகுமுன் நிறையத் தின்றால் சூலையும் (கடும் வயிற்றுவலி) குளம்பு அழற்சியும் வரலாம். 15 நிமிடத்தில் தொடங்கி, தினமும் 10, 15 நிமிடமாகக் கூட்டுங்கள். அடைப்பு மண்தரையாக இருந்தால் உலர்புல் போடுங்கள். தலை கீழே இருக்கும் குதிரை ஓடாது.

மறுநாள் காலை, நடத்துவதற்கு முன், இரு முன்னங்காலிலும் முழங்காலுக்குக் கீழே பின்புறமாக உள்ளங்கையை மெல்ல இறக்கிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் கதகதப்பாக இருந்தாலோ, தசைநாணின் ஓரம் கூர்மை குறைந்து உப்பலாகத் தெரிந்தாலோ, அமுக்கும்போது காலைச் சட்டென்று இழுத்தாலோ, அன்று வெளியே விடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நொண்டல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கால் காயம் ஆறிவரும் என் குதிரை, அடைப்பில் விட்டதும் வேலியோரமாக ஓயாமல் போய்வந்துகொண்டே இருக்கிறது. தானாக அடங்குமா?

பதில்: நடையாக இருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஓட்டமாக மாறினால் உடனே உள்ளே கொண்டு போங்கள். ஒவ்வொரு மூலையிலும் திரும்பும்போது ஆறிவரும் காலில் பாரம் விழுகிறது. துரத்திப் பிடிக்காமல், தீவன வாளியோடு கதவருகே நின்று அழையுங்கள். அடுத்த நாள் துணைக்குதிரையை அந்த வேலியோரமாகவே நிறுத்தி, அடைப்பை இன்னும் சிறிதாக்கி விட்டுப் பாருங்கள்.