நாலு வயசு பையன் ஊதுற டெஸ்ட்ல ஃபெயிலா?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு நாலு வயசு. சளி பிடிச்சாலே வீசிங் வந்துடுது, ராத்திரில இருமி இருமி தூக்கமே இல்ல. ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்னு ஒரு மெஷின்ல ஊதச் சொன்னாங்க, ஏழெட்டு தடவ ஊதியும் சரியா வரல, ஆறு வயசுக்கு மேல கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. அவனுக்கு நுரையீரல் பலம் இல்லையா? அதுவரைக்கும் சும்மா இருக்கணுமா?

பதில்: பையன திட்டாதீங்கம்மா, அவன் ஊதினது சரியா வராததுக்கு நுரையீரல் பலம் இல்லைன்னு அர்த்தமே இல்ல. மூச்ச முழுசா இழுத்து, குழாய வாயால இறுக்கிப் பிடிச்சு, பட்டுனு வேகமா ஊதி, காத்து காலியாகற வரைக்கும் நிறுத்தாம ஊதணும், அதையே திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்யணும், பெரியவங்களே இதுல தடுமாறுவாங்க. ஸ்க்ரீன்ல மெழுகுவர்த்தி அணைக்கிற கேம் வெச்சு பொறுமையா பழக்கினா நாலு வயசுலயே சில பிள்ளைங்க அழகா ஊதும், ஆனா நிறைய பேருக்கு 5, 6 வயசுல தான் கைவரும். இன்னொன்னு, பெரியவங்களுக்கு முதல் 1 செகண்ட்ல எவ்வளவு காத்து வெளிய வருதுன்னு பாப்போம், குட்டி நுரையீரல்ல 1 செகண்டுக்குள்ளயே மொத்தமும் வந்துடலாம், அதனால முதல் அரை செகண்ட் அல்லது முக்கால் செகண்ட் அளவையும் பாக்கணும்.

சும்மா இருக்க வேண்டாம். ஆசிலோமெட்ரின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது எல்லா இடத்துலயும் இருக்காது, விசாரிச்சு பாருங்க. இதுல ஊதவே வேண்டாம், மூக்குல கிளிப் போட்டு, கன்னத்த யாராவது பிடிச்சுக்க, குழந்தை சாதாரணமா மூச்சு விட்டா போதும், மெஷின் அனுப்புற சின்ன சின்ன அதிர்வுகள வெச்சு மூச்சுக்குழாய் எவ்வளவு அடைச்சிருக்குன்னு சொல்லிடும். மூணு வயசு பிள்ளைங்களே செய்வாங்க. பொதுவா மூச்சுக்குழாய விரிக்கிற சால்பியூட்டமால் இன்ஹேலர் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப எடுப்பாங்க, அடைப்பு நல்லா குறைஞ்சா மருந்து கேக்குதுன்னு அர்த்தம். அதனால டெஸ்டுக்கு முன்னாடி எந்த மருந்த எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு கேட்டுக்கோங்க.

ஆனா டெஸ்ட் நார்மல்னு வந்தாலும் ஆஸ்துமா இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க, வீசிங் இல்லாத நாள்ல நார்மலா வரலாம். இந்த வயசுல நான் அதிகமா நம்புறது அம்மா சொல்ற விவரத்த தான். எத்தன ராத்திரி இருமினான், ஓடினா, சிரிச்சா இருமறானா, இன்ஹேலர் குடுத்தா அடங்குதா, எல்லாம் தேதி போட்டு எழுதுங்க, வீசிங் வர்றப்போ சட்டைய தூக்கி நெஞ்சு தெரியற மாதிரி ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க. விலா எலும்புக்கு நடுவுல உள்ள இழுத்தாலோ, பேச முடியாம திணறினாலோ வீடியோலாம் வேண்டாம், உடனே எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடுங்க.