வெந்த கையும் விழுங்கிய கற்பூரமும்

குழந்தைகளுக்கான முதலுதவி பற்றி இந்த முறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ‘டாக்டர், நாங்கள் செய்தது சரிதானா?’ என்ற ரகம். சம்பவம் முடிந்து குழந்தை ஓடியாடத் தொடங்கிய பிறகும் மனசு ஆறாமல் எழுதியவை. சிலருக்குச் சரி என்று சொல்ல முடிகிறது. சிலருக்கு முடியவில்லை.

ஒன்றரை வயது மகனுக்குக் காய்ச்சல் வந்த அன்று இரவே வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. மாமியார் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். நாக்கைக் கடித்துக்கொள்வானோ என்று நான் விரலை வாய்க்குள் விட்டேன். இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. இது காக்காய் வலிப்பா?
— ஒரு தாய், திண்டுக்கல்

இல்லை. 6 மாதத்திலிருந்து 5 வயது வரை, காய்ச்சலோடு சேர்ந்து வருகிற வலிப்பு இது. ‘காய்ச்சல் வலிப்பு’ என்றே பெயர். பெற்றவர்களுக்குக் குழந்தை செத்துப்போய்விட்டது போலவே தெரியும். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து நிமிடத்துக்குள் தானாக அடங்கிவிடும், மூளையைப் பாதிக்காது. மூன்றில் ஒரு குழந்தைக்கு அடுத்த காய்ச்சல்களில் மறுபடி வரலாம். பெரும்பாலோருக்கு 5 வயதுக்கு மேல் வராது.

சாவியால் நன்மையும் இல்லை, பெரிய தீமையும் இல்லை. அது கையில் இருக்கும்போது வலிப்பு நின்றதால் பெயர் வாங்கிக்கொண்டது. விரலை விட்டதுதான் தப்பு. உங்கள் விரல் கடிபடும், அவன் பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். ஸ்பூன், துணி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சிலும் வாந்தியும் வெளியே வழிய விடுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் கடிகாரம் ஞாபகம் வராது. எல்லோரும் ‘அரை மணி நேரம் இழுத்தது டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ, நின்ற பிறகும் தெளியாமல் கிடந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் முறை என்றால், சீக்கிரம் நின்றிருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், ஒரு வயதுக்குள் என்றால் இன்னும் கவனமாக.

காய்ச்சல் மருந்து ‘சொட்டு மருந்து’ பாட்டிலில் இருந்ததைச் சிரப் என்று நினைத்து, என் அம்மா 5 மில்லி கொடுத்துவிட்டார். ஒரு வேளைதான். பேரன் 10 கிலோ. பயமாக இருக்கிறது.
— கோவை

ஒரே வேளை என்றால் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் இந்தக் குழப்பத்தை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் கணக்குப் போடுவோம். பாராசிட்டமால் அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் பேரனுக்கு 150 மில்லிகிராம். சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது, ஆக 1.5 மில்லி போதும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்று ஒரு வகை, 250 என்று ஒரு வகை. முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. பாட்டி கொடுத்தது 500 மில்லிகிராம், மூன்று மடங்குக்கும் மேல். இதையே நாளுக்கு நான்கு வேளை, இரண்டு மூன்று நாள் கொடுத்திருந்தால் கல்லீரல் கெட்டிருக்கும். கெடுவதும் உடனே தெரியாது. குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கும், ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வாந்தி, மஞ்சள் என்று வரும். அளவு கூடிப்போய்விட்டது என்று தெரிந்தால், எத்தனை வேளை, எவ்வளவு என்று எழுதிக்கொண்டு பாட்டிலோடு டாக்டரிடம் போய்விடுங்கள்.

சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள். நான்கு மணி நேரத்துக்குள் அடுத்த வேளை வேண்டாம். பாட்டிலின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ‘1.5 மில்லி’ என்று பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள், அம்மாவுக்குக் கண்ணாடி தேட வேண்டியிருக்காது.

இருமல் சிரப் பற்றியும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். 2 வயதுக்குள் வேண்டவே வேண்டாம், 5 வயது வரைக்கும் பொதுவாகத் தேவையில்லை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்குக் காரணம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த ஒரு இருமல் மருந்து. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். வீட்டில் பாதி மிச்சமிருக்கிற பழைய பாட்டில்களை எல்லாம் அப்புறப்படுத்திவிடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் கொதிக்கிற ரசம் மூன்று வயதுப் பெண்ணின் கையில் கொட்டிவிட்டது. ஒருவர் பேஸ்ட் தடவச் சொன்னார், ஒருவர் இட்லி மாவு, ஒருவர் பேனா மை. எது சரி?
— திருவாரூர்

மூன்றும் இல்லை. குழாய்த் தண்ணீர். சில்லென்று வேண்டாம், ஐஸ் கூடவே கூடாது, சாதாரணக் குழாய்த் தண்ணீர், ஓடிக்கொண்டே, 20 நிமிடம். இருபது நிமிடம் என்பது அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு யுகம். ஐந்து நிமிடத்திலேயே ‘போதும், ஆஸ்பத்திரிக்குப் போவோம்’ என்று யாராவது தூக்கிவிடுவார்கள். விடாதீர்கள். தோலுக்குள் இறங்கிய சூடு ரசம் வழிந்த பிறகும் உள்ளே வேக வைத்துக்கொண்டுதான் இருக்கும்; அதை நிறுத்துவது தண்ணீர் மட்டுமே. வெந்து மூன்று மணி நேரம் வரை இப்படிக் குளிர்விப்பதில் பலன் உண்டு. உடம்பின் மற்ற பகுதியைத் துணியால் போர்த்திவிடுங்கள், சின்னக் குழந்தைக்குச் சீக்கிரம் குளிர் எடுக்கும்.

தண்ணீர் ஓடும்போதே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். இடுப்புப் பக்கம் வெந்திருந்தால் அரைஞாண் கயிற்றை அறுத்துவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். அப்புறம் சுத்தமான வெள்ளைத் துணியைத் தளர்வாகப் போர்த்தி அழைத்துப் போங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

மாவும் மையும் ஏன் கூடாது என்றால், எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று பார்க்க நாங்கள் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். மருத்துவம் படித்து முடித்த புதிதில், நீலமாக இருந்த ஒரு குழந்தையின் தொடையை அரை மணி நேரம் துடைத்திருக்கிறேன். அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக வெந்திருந்தாலும், முகம், கை, பாதம், பிறப்புறுப்பு என்றாலும், கட்டாயம் ஆஸ்பத்திரி.

இரண்டு வயது மகன் வேர்க்கடலை சாப்பிடும்போது புரையேறி, முகம் சிவந்து இருமினான். தலையில் தட்டினோம், சரியாகிவிட்டது. ஆனால் மூன்று வாரமாக இருமல். ‘வீசிங்’ என்று மருந்து கொடுக்கிறார்கள், கேட்கவில்லை.
— தென்காசி

இந்தப் பத்தியைப் படித்தவுடன் கிளம்புங்கள். டாக்டரிடம் ‘இருமல்’ என்று ஆரம்பிக்காமல், ‘கடலை தின்னும்போது புரையேறியதற்கு அப்புறம்தான் இருமல்’ என்று ஆரம்பியுங்கள். கடலை வெளியே வரவில்லை, உள்ளே இறங்கிவிட்டது என்றே சந்தேகிக்கிறேன். ஒரு பக்க நுரையீரல் குழாயில் போய் உட்கார்ந்துவிட்டால் புரையேறியது நிற்கும், எல்லோரும் நிம்மதியாவார்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. உள்ளே ஊறி வீங்கும், எண்ணெய் கசியும், சளி கட்டும். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டு எடுக்க வேண்டியிருக்கும். எடுத்துவிட்டால் பெரும்பாலும் முழுசாகச் சரியாகிவிடும்.

புரையேறும் நேரத்துக்கு வருவோம். குழந்தை சத்தமாக இருமுகிறதா? இரும விடுங்கள். தலையில் தட்டாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், விரலை விட்டுத் துழாவாதீர்கள். துழாவுகிற விரல் பொருளை இன்னும் கீழே தள்ளும். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம்.

சத்தமே வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால், அப்போது நீங்கள்தான் டாக்டர். ஒரு வயதுக்குள் என்றால், குழந்தையை முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்து. மாறி மாறி. வயிற்றை அழுத்தக் கூடாது, கல்லீரல் கிழிந்துவிடலாம். ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்னே குனிய வைத்து முதுகில் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து இழுப்பு. நினைவு தப்பினால் தரையில் கிடத்தி நெஞ்சழுத்தம் கொடுக்கத் தொடங்குங்கள், இன்னொருவர் 108-க்குப் பேசட்டும். பொருள் வந்துவிட்டாலும், வயிற்றை அழுத்தியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐந்து வயது வரை முழுக் கடலை, பட்டாணி, கடலை மிட்டாய், தேங்காய்ப் பத்தை வேண்டாம். சீதாப்பழம் கொடுக்கும்போது கொட்டையை நீங்களே எடுத்துவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிடுவது, நிலா காட்டி ஊட்டும் வீட்டில் தவிர்க்க முடியாதுதான், ஆனாலும் வாயில் உணவு இருக்கும்போது சிரிப்பு மூட்டாதீர்கள்.

பூஜைத் தட்டில் இருந்த கற்பூர வில்லையைக் கல்கண்டு என்று நினைத்து இரண்டு வயது மகள் கடித்துவிட்டாள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம். இப்போது நன்றாக இருக்கிறாள்.
— மதுரை

கடவுள் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். சாமி சாமான் என்பதால் கற்பூரத்தை யாரும் விஷமாக நினைப்பதில்லை. சின்னக் குழந்தைக்கு ஒரு துண்டே வலிப்பை வரவழைக்கும், அதுவும் சில நிமிடங்களிலேயே. வாந்தி எடுக்க வைத்து, நடுவில் வலிப்பு வந்தால், வாந்தி நுரையீரலுக்குப் போய்விடும். உப்புத் தண்ணீரே தனி விஷம். ரத்தத்தில் உப்பு ஏறிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அடுத்த முறை (வேண்டாம், ஒருவேளை) வாயைத் துடைத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரி. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதையும் கைக்குழந்தைகளுக்குச் செய்யாதீர்கள்.

மண்ணெண்ணெய், கழிவறை ஆசிட் குடித்தாலும் இதே பதில்தான்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இவை இரண்டையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ரிமோட், பொம்மைகளில் வரும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இன்னும் அவசரம். இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையானால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேனுக்காகக் கடை தேடி நிற்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறேன். குடிக்க மாட்டேன் என்கிறான்.
— விழுப்புரம்

கரித்திருக்கும். பெரிய பாக்கெட் முழுவதும் ஒரே தடவையில், 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில். பிரித்துக் கலந்தால் ஒரு டம்ளரில் உப்பு அதிகம், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, மேலே என்றால் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாக. கூடவே துத்தநாகச் சொட்டோ மாத்திரையோ 14 நாள். பேதி நின்றவுடன் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தாதீர்கள்.

கடையில் கேட்டால் டெட்ரா பேக்கில் ஆரஞ்சுச் சுவையில் எதையாவது நீட்டுவார்கள். அது சர்க்கரைத் தண்ணீர், பேதியைக் கூட்டும். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தப் பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. உண்மையான ஓ.ஆர்.எஸ். என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா நோயாளிகளுக்கு நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம் டிரம்மாக வைத்துக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருவதாலேயே ஓ.ஆர்.எஸ்.ஸை மட்டமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டு வைத்தியம் போதாது.

தெருநாய்க்குட்டி நகத்தால் கீறியது. ரத்தம் இல்லை. சுண்ணாம்பு வைத்தோம். குட்டிதானே, ஊசி வேண்டுமா?
— சேலம்

வேண்டும். குட்டிக்கும் வெறிநோய் வரும். சுண்ணாம்பைக் கழுவுங்கள், சோப்பும் ஓடுகிற தண்ணீரும் 15 நிமிடம். தொப்புளைச் சுற்றிப் போடும் காலம் மலையேறிவிட்டது, இப்போது கையில்தான். தோலுக்குள் போடுவதானால் முதல் நாளைப் பூஜ்யமாக எண்ணி 3, 7, 28-ஆம் நாட்களில். ரத்தம் வந்த கடியென்றால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் சேர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். நோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

40 நாள் குழந்தை ஓயாமல் அழுகிறது. ‘உரம் விழுந்திருக்கிறது’ என்று துணியில் போட்டு உருட்டி எடுக்கச் சொல்கிறார்கள்.
— புதுக்கோட்டை

வேண்டாம். தலை நிற்காத குழந்தையை உருட்டினால், தலைகீழாகப் பிடித்தால், மூளைக்குள் ரத்தம் கசியலாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அழுகை நிற்காவிட்டால், பால் குடிக்க மறுத்தால், காய்ச்சல் இருந்தால் அன்றே டாக்டரிடம்.

ஒன்பது வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் முழுசாக விழுந்துவிட்டது. கழுவிப் பத்திரமாகக் காகிதத்தில் மடித்து மறுநாள் கொண்டுபோனோம். பயனில்லை என்றார்கள்.
— ஈரோடு

காய்ந்துவிட்டது, அதனால்தான். ஒன்பது வயதில் முன்பல் நிரந்தரப் பல். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, அழுக்கு இருந்தால் ஒரு நொடி அலசி (தேய்க்காமல்), விழுந்த குழியிலேயே திரும்பப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். தைரியம் வரவில்லையென்றால் ஒரு டம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம். பாற்பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது. அதைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்துகொள்ளலாம்.