எலுமிச்சை தூர்ல பிசின் வடியுதா, இலைக்கு மருந்தடிச்சு பிரயோஜனம் இல்ல

செங்கோட்டை பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காங்க, ஆறு வருச எலுமிச்சை, தூர்ல பிசின் வடியுது, ஒரு பக்கத்து இலை மஞ்சளாயி உதிருது, மூணு தடவை மருந்தடிச்சும் கேக்கல, வெட்டிரவானு.

வெட்டாதீங்க அண்ணாச்சி, முதல்ல தூர தோண்டிப் பாருங்க. பட்டை சுத்திலும் முக்கால்வாசிக்கு மேல அழுகியிருந்தா மட்டும் அந்த மரத்துக்கு செலவு பண்ணாதீங்க. கம்மியா இருந்தா தேத்திரலாம்.

இது பைட்டோப்தோரா பண்ற வேலை. பூஞ்சைனுதான் எல்லாரும் சொல்றோம், ஆனா ஆராய்ச்சிக்காரங்க இத அசல் பூஞ்சையில சேக்கறதில்ல, அதான் பூஞ்சைக்கு அடிக்கிற கார்பென்டசிம் மருந்த அடிச்சா இதுக்கு ஒண்ணும் ஆகாது. இதோட வித்து தண்ணியில நீந்தியே வேருக்கு போகும். நம்ம பக்கம் ஆனி ஆடி சாரல் ஒண்ணு, ஐப்பசி கார்த்திகை அடைமழை ஒண்ணு, ரெண்டு தடவையும் தூர் ஊறிக் கெடக்கும், போதாக்குறைக்கு நாமளே தூர ஒட்டி பாத்தி கட்டி தண்ணிய வேற தேக்கி வைக்கிறோம்.

அழுகின பட்டைய கத்தியால சுரண்டி, கொஞ்சம் நல்ல பட்டை தெரியிற வரைக்கும் எடுத்துருங்க. சுரண்டினத தோட்டத்துல போடாம எரிச்சிருங்க. அப்புறம் போர்டோ பசை, ஒரு மரத்துக்கு மயில்துத்தம் 100 கிராம் அரை லிட்டர் தண்ணியில, சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு அரை லிட்டர்ல, ரெண்டையும் மூணாவதா ஒரு பிளாஸ்டிக் வாளியில சேந்தாப்ல ஊத்தி கிண்டணும், இரும்பு, தகர வாளி ஆகவே ஆகாது. பளபளனு தேச்ச இரும்புக் கத்திய முக்கி எடுங்க, செம்பு கலர் படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, இன்னும் கொஞ்சம் சேருங்க. கலக்கின அன்னைக்கே தடவிரணும், நாளைக்குனு வச்சா வீண். வேருக்கு மெட்டலாக்சில் மேங்கோசெப் கலந்த மருந்து லிட்டருக்கு 2.5 கிராம் கரைச்சு மண்ணு நனைய ஊத்துங்க.

காயில சொரசொரப்பா சொறி இருக்கே, அது பாக்டீரியா, வேற கதை, இதோட போட்டு குழப்பிக்காதீங்க.

இனிமே தூர சுத்தி மண்ண மேடாக்கி, அதுக்கு வெளிய இன்னொரு வட்டம் போட்டு அதுல மட்டும் தண்ணி விடுங்க. வருசா வருசம் வைகாசியில ஒரு தடவை, புரட்டாசியில ஒரு தடவை தரையில இருந்து ரெண்டடி உயரத்துக்கு பசை தடவுங்க. சாணி உரத்த தூர்ல குமிக்கிற பழக்கம் இருந்தா அதையும் விட்டுருங்க, ரெண்டடி தள்ளிப் போட்டாலும் வேர் தேடி வந்து எடுத்துக்கும்.