"சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்!"

வாசகர் கேள்வி – பதில்

(ஆசியர்கள் மீதான இனவெறியைப் பற்றிப் பேச்செடுத்தாலே அதை மழுப்புகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள்.)

கேள்வி: மீட்டிங்கில் சக ஊழியர் ஒருவர் என் ஆங்கில உச்சரிப்பை நடித்துக் காட்டுகிறார். கேட்டால், "ஜோக்குக்கெல்லாமா கோபப்படுவீர்கள்?" என்கிறார்.
– வாசகி, டெக்சஸ்

பதில்: நீளமாகப் பேசாதீர்கள். "இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்குப் புரியவில்லை, சொல்லுங்கள்" என்று சாதாரணக் குரலில் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கவேண்டிய பொறுப்பு அவருடையது. அந்த அமைதி தாங்காமல் நாமே "பரவாயில்லை" என்று சிரித்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிறகு புகார் செய்தால், "அன்று அவரும் சேர்ந்துதானே சிரித்தார்" என்பார்கள். மறுபடியும் செய்தால், "என்னைப் போல் பேசிக் காட்டுவதை நிறுத்துங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். உங்களைத் தொட்டாற்சிணுங்கி என்றாலும் விவாதத்தில் இறங்காமல் அதையே திரும்பச் சொல்லுங்கள்.

அன்றைக்கே எழுதிவையுங்கள்: தேதி, நேரம், அவர் சொன்ன அதே சொற்கள், உடனிருந்தவர்கள். "தவறாகப் பேசினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் உதவாது. குறிப்பு உங்கள் சொந்த நோட்டிலோ சொந்த மின்னஞ்சலிலோ இருக்கட்டும். வேலை போனால் அலுவலகக் கணக்கும் அன்றே போய்விடும். ஆனால் அலுவலக ஆவணங்களைச் சொந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள், அதுவே உங்கள்மீது நடவடிக்கைக்குக் காரணமாகலாம். ரகசியமாக ஒலிப்பதிவு செய்யும்முன் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களில் தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

ஹெச்.ஆருக்கு (நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு) எழுத்தில் கொடுங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்றால், வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் ஈ.ஈ.ஓ.சி. என்னும் கூட்டரசு ஆணையத்திலும் புகார் செய்யலாம். கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்து 180 நாள். இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அமைப்பும் மாநிலத்திலேயே இருந்தால் 300 நாள். ஹெச்.ஆர். விசாரிக்கிறது என்பதற்காக இந்தக் கெடு நின்று காத்திருக்காது. நியாயமான புகார்கள் பல இங்கேதான் வீணாகின்றன. ஒரே ஒரு கேலி பெரும்பாலும் வழக்காக நிற்காது. தொடர்ந்து நடந்தது என்று காட்ட அந்தக் குறிப்புகள்தான் துணை.

கேள்வி: "ஆசியர்கள்தான் இங்கே நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன குறை?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: அமெரிக்காவின் 1917-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவைச் சாத்தியது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் திறந்தபோது, நெருங்கிய உறவினர்களோடு படித்த தொழில் வல்லுநர்களுக்கும் முன்னுரிமை தந்தது. மருத்துவர்களையும் பொறியாளர்களையும் பொறுக்கியெடுத்துக் குடியேற்றிவிட்டு, அவர்கள் வருமானத்தை இனத்தின் இயல்பாகக் காட்டுவது சரியல்ல. பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களின் வறுமை ஆசியர்களின் சராசரி வருமானக் கணக்குக்குள் மறைந்துபோகிறது.

வசதி யாரையும் காப்பாற்றியதும் இல்லை. 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கடையும் பண்ணையும் வைத்திருந்தவர்கள் பலர். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் தரும் சட்டம் இயற்ற 1988 ஆகிவிட்டது. உங்கள் அயலாரிடம் இவ்வளவையும் கொட்டவேண்டாம். 1942 ஒன்றை மட்டும் சொல்லுங்கள். நாலு தகவல் சொன்னால், அவற்றில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் திருப்பிவிடுவார்கள்.

கேள்வி: "அது சீனர்கள்மீதான வெறுப்பு, நமக்கென்ன?" என்று தமிழ் நண்பர்களே சொல்கிறார்கள்.
– வாசகர், கலிஃபோர்னியா

பதில்: வெளியார் சொல்வதைவிட நம்மவர்கள் சொல்லும் இந்தப் பேச்சுதான் எங்களை வருத்துகிறது. தாக்குகிறவன் ஆள் அடையாளம் பார்ப்பதில்லை. 1982-இல் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின்னை அடித்துக் கொன்றவர்கள், ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரத்தில் இருந்தார்கள் என்பது சாட்சியம். சின் சீன வம்சாவளியினர். கொன்ற இருவருக்கும் மிச்சிகன் நீதிமன்றம் விதித்தது 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும்தான், சிறை இல்லை. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் அரபு முஸ்லிம் என்று நினைத்துச் சுட்டுக் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி ஒரு சீக்கியர். 2017-இல் கான்சஸில் ஸ்ரீநிவாஸ் குச்சிபொட்லாவைச் சுட்டவன், அவரை ஈரானியர் என்று நினைத்தான்.

'நாங்கள் வேறு' என்று ஒதுங்கிப் பார்த்தவர்களும் உண்டு. இந்தியாவிலிருந்து குடியேறிய பகத் சிங் திண்ட், தான் ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று குடியுரிமை கேட்டு வாதாடினார். 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அதைத் தொடர்ந்து, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதை இழந்தார்கள்.

கேள்வி: "கறுப்பினத்தவர் பட்டதைவிட இது பெரிதா?" என்று கேட்டால்?
– வாசகி, ஜார்ஜியா

பதில்: "பெரிது என்று நான் சொல்லவில்லையே" என்று சொல்லிவிட்டு, நடந்ததற்கே திரும்புங்கள். நாம் இங்கே வர வழிவிட்ட 1965 சட்டம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில் பிறந்தது. போட்டிக்கே இடமில்லை.

கேள்வி: ரயிலில் ஒருவரை இப்படித் திட்டுவதைப் பார்த்தால் என்ன செய்வது?
– வாசகர், நியூயார்க்

பதில்: திட்டுகிறவனோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவன் கத்தி எடுத்தால் உங்கள் இருவருக்கும் ஆபத்து. திட்டு வாங்குகிறவர் பக்கம் போய், தெரிந்தவரைப் போல, "அடுத்து எந்த ஸ்டேஷன்?" என்று பேச்சுக் கொடுங்கள். அடுத்த பெட்டிக்கு அழைத்துப் போங்கள். இன்னொருவரைக் கைகாட்டி, ரயில் ஊழியரிடம் சொல்லச் சொல்லுங்கள். "யாராவது கூப்பிடுங்கள்" என்றால் எவரும் அசையமாட்டார்கள். அடிதடி என்றால் 911. வேறொருவர் ஏற்கெனவே உதவிக்கொண்டிருந்தால் மட்டும், தள்ளி நின்று வீடியோ எடுங்கள். ஸ்டேஷன் பெயரும் நேரமும் அதில் பதியட்டும். அதை நீங்களாக இணையத்தில் போடவேண்டாம். பாதிக்கப்பட்டவரிடம் கொடுத்துவிடுங்கள், போலீசுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.